குலதெய்வக் கும்பிடுக்கு எத்தனை இலை? பங்காளிகள் கூடும் நாளுக்கு ஆள் கணக்கு எடுக்கும் முறை

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் எல்லாரும் கூடுவது என்று பெரியவர்கள் முடிவெடுத்து, "சாப்பாட்டுப் பொறுப்பை நீ பாத்துக்கப்பா" என்று நோட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். சமையல் மாஸ்டரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி: "எத்தனை பேருக்கு?" நோட்டைப் பிரித்துப் பார்த்தால் 38 தலைக்கட்டு என்று இருக்கிறது. வீட்டுக்கு நாலு பேர் என்று மனக்கணக்குப் போட்டு, "ஒரு நூத்தம்பது, சேத்து இருநூறா வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். தப்பு இங்கேதான் தொடங்குகிறது. அந்த நோட்டு கோயில் வரி வசூலுக்கு எழுதியது. அதில் இருப்பது குடும்பம். மாஸ்டர் கேட்டது இலை.

மதுரை, தேனி, விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்து வழக்கத்தை வைத்தே கீழே சொல்லியிருக்கிறது: சிவராத்திரி இரவு பூசை, மறுநாள் கிடா வெட்டு, மதியம் கறிச்சோறு. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிறவர்கள் கறியை விட்டுவிட்டு மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நோட்டைப் புதிதாக எழுதுங்கள்

பழைய வரி நோட்டை நம்பாதீர்கள். அதில் மகன்கள் வழி மட்டும்தான் இருக்கும். கட்டிக்கொடுத்த பெண்களுக்கு வேறு குலதெய்வம் வந்துவிடுவதால் அவர்களிடம் வரி கிடையாது. வரி இல்லாததால் பெயரும் இருக்காது. ஆனால் கும்பிடு நாளில் பிறந்த வீட்டுச் சாமியைப் பார்க்க அவர்கள் மாப்பிள்ளையோடும் பிள்ளைகளோடும் வந்து நிற்பார்கள். மாமியாரையும் அழைத்து வருகிறவர்கள் உண்டு. 38 தலைக்கட்டுக்கு 21 பெண்மக்கள் வீடு இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. மதியப் பந்தியில் இலை பற்றாமல் போவதற்கு முதல் காரணம் இந்த விடுபட்ட வீடுகள்தான்.

ஒரு 80 பக்க நோட்டு போதும். மூத்த பாட்டன் பெயரை மேலே எழுதி, அவருடைய மகன்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வகையறா என்று பிரித்து, வகையறாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு வரியில் ஒரு வீடு. அந்த வரியில் இவ்வளவு இருக்க வேண்டும்: வீட்டுப் பெயர், இருக்கும் ஊர், பெரியவர்கள் எத்தனை, 5 முதல் 12 வயதுப் பிள்ளைகள் எத்தனை, அதற்குக் கீழே எத்தனை, கறி சாப்பிடாதவர் எத்தனை, எப்படி வருகிறார்கள், எப்போது வந்து சேருவார்கள். கடைசியில் இரண்டு கட்டம் காலியாக விடுங்கள்: ‘சொன்னது’, ‘வந்தது’. இந்தக் கடைசிக் கட்டத்தின் அருமை அடுத்த வருடம்தான் தெரியும்.

திருமணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் அப்பா வரியிலும் இருப்பான், தனி வரியிலும் இருப்பான். சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் ஆத்தாவை மகனும் எண்ணுவான், ஊரில் இருக்கும் மகளும் எண்ணுவாள். அத்தை மகளைக் கட்டியவர் வீடு பங்காளிக் கணக்கிலும் பெண்மக்கள் கணக்கிலும் இரண்டு தடவை ஏறும். நோட்டு முடிந்ததும் வயதான ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டுங்கள். இரட்டைப் பதிவை அவர்கள்தான் பிடிப்பார்கள்.

எப்போது கேட்பது

ரயிலை வைத்து நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. சென்னை, பெங்களூரு சொந்தங்கள் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த 60ஆம் நாள் காலையிலேயே தெரிந்துவிடும். ஆகவே 75 நாள் இருக்கும்போதே தேதியைச் சொல்லிவிட வேண்டும். 60ஆம் நாளுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதற்கு ஒரு வாரம் கழித்துப் போன் போட்டு, டிக்கெட் கிடைத்ததா, வெயிட்டிங் லிஸ்டா என்று கேளுங்கள். வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவரை ‘வருகிறார்’ பக்கத்தில் எழுதக் கூடாது.

சிவராத்திரி தமிழ்நாட்டில் அரசு விடுமுறை நாள் இல்லை. வார நாளில் வந்தால் லீவு போட வேண்டும். அதுவும் மறுநாளையும் சேர்த்து இரண்டு நாள். ஞாயிறு இரவு பூசை என்றால் திங்கள் மதியம் கறிச்சோறு. அப்போது இரவுக்கு வந்துவிட்டு விடியற்காலையே கிளம்புகிற கூட்டம் ஒன்று இருக்கும். சனி இரவு பூசை, ஞாயிறு மதியம் சோறு என்றால் கணக்கு தலைகீழ். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கார் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

75 நாளில் தேதி, 50 நாளில் முதல் சுற்றுப் போன், 20 நாளில் இரண்டாம் சுற்று, 5 நாளில் கடைசிச் சுற்று. மாஸ்டருக்கு முடிவான எண் 3 நாளுக்கு முன்னால். அதற்கப்புறம் வருகிற மாற்றங்களைக் காப்பு இருப்பு தாங்கட்டும்.

எப்படிக் கேட்பது

"வருவீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். குலதெய்வத்துக்கு வரமாட்டேன் என்று நம் சொந்தத்தில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சாமி குத்தமாகிவிடும். "வந்துருவோம்டா", "வராம எங்க போகப் போறோம்", "சாமி கூப்பிட்டா வந்துதான ஆகணும்" இதெல்லாம் பக்தி. எண்ணிக்கைக்கு உதவாது.

பதில் எண்ணாக வரும்படி கேள்வியைப் போடுங்கள்.

"மதினி, ராத்திரி தங்கல்தான? எத்தன பாய் எடுத்து வைக்கச் சொல்லட்டும்?"

"நானும் சின்னவனும்தான் வருவோம். பெரியவனுக்குப் பரீட்சை. உங்க அண்ணன் வேலைக்குப் போயிட்டு மறுநா காலைல பஸ் ஏறுவாக."

ஒரு கேள்வியில் நாலு விஷயம் வந்துவிட்டது: இரவு இரண்டு பேர், மதியம் மூன்று பேர், ஒருவர் வரவில்லை, ஒருவர் தாமதம். இதே வீட்டில் அண்ணனுக்குப் போன் போட்டிருந்தால் "குடும்பத்தோட வந்துருவோம்" என்று சொல்லி வைத்திருப்பார்; நாலு இலை ஏறியிருக்கும்.

அதனால் வகையறாவுக்கு ஒருவரைக் கணக்குக்குப் போடும்போது அத்தை, சித்தி, மதினி முறையில் இருப்பவர்களாகப் பாருங்கள். யார் வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறார்கள், யாருக்கு மூட்டுவலி, யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் எல்லாம் அவர்களுக்குத்தான் அத்துபடி. ஆண்கள் எடுத்த கணக்கு பெரும்பாலும் ‘குடும்பத்தோடு’ என்ற ஒரே சொல்லில் நின்றுவிடும்.

வாட்ஸ்அப் கருத்துக்கணிப்பு போடுவதில் தவறில்லை. ஆனால் அதைக் கணக்காக எடுக்காதீர்கள். கணவனும் மனைவியும் தனித்தனியாக ‘வருகிறோம்’ அமுக்குவார்கள். கும்பிடுகிற கை போட்டவர் வருகிறேன் என்கிறாரா, சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். எந்தப் பதிலும் போடாத பெரியப்பாதான் வேன் வைத்துப் பதினாலு பேரோடு வந்து இறங்குவார்.

வேன் என்றதும் ஒன்று. ஒரே வண்டியில் வருகிற கூட்டத்தைத் தனித்தனி ஆளாக எண்ணாமல் ஒரு முடிச்சாக எழுதுங்கள். திருப்பூரிலிருந்து ஒரு வேன் என்றால் அது வந்தால் 14, வராவிட்டால் பூஜ்யம். 12 வராது. வேன் பேசியவருக்கு ஐந்தாம் நாள் நீங்களே போன் போட்டு, முன்பணம் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டுவிடுங்கள்.

வரி கட்டியதை வருகையாக எண்ணுவதும் தவறு. வர முடியாதவர்தான் முதலில் வரியை அனுப்பிவிட்டு மனதை ஆற்றிக்கொள்வார். வரிக்குப் பதிலாக இலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் கணக்குச் சரியாக வரும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வார்கள், வந்த பிறகு பேச்சு வரும், கடைசியில் சாமி காரியத்தில் சோற்றை எண்ணிப் போட்டான் என்ற பெயர் உங்களுக்கு மிஞ்சும்.

தீட்டு, பரீட்சை, பேச்சுவார்த்தை

எண்ணிக்கையை ஒரே நாளில் புரட்டிப் போடுவது சாவுத் தீட்டு. பங்காளி வழியில் ஒரு சாவு விழுந்தால், கருமாதி முடியும்வரை அந்த வழி முழுவதும் கோயில் வாசல் மிதிக்காது; கும்பிடே தள்ளிப்போகும். சம்பந்தி வீட்டுச் சாவு என்றால் அந்த ஒரு வீடு மட்டும் விடுபடும். அந்த வருடத்துக்குள் சாவு நடந்த வீட்டில் தலைத்திவசம் கழியாமல் கோயிலுக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த தீட்டும் உண்டு. எத்தனை நாள், யாருக்கெல்லாம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் பெரியவர்களிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். மாஸ்டருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, தீட்டு வந்தால் தேதி மாறும், பணம் அடுத்த தேதிக்குச் செல்லும் என்று பேசி வைத்துவிடுங்கள். கோயில் சமையலுக்குப் போய்ப் பழகியவர் இதற்கு ஒத்துக்கொள்வார்.

அடுத்தது பரீட்சை. சிவராத்திரி பிப்ரவரி பாதிக்கும் மார்ச் பாதிக்கும் நடுவில் வரும். செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வும் அதை ஒட்டித்தான். பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் பிள்ளையும் வராது, பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவும் வரமாட்டார். அப்பா மட்டும் வந்து விபூதி வாங்கிக்கொண்டு போவார். நாலு பேர் வீட்டை ஒன்று என்று எழுதுங்கள். பத்தாம் வகுப்புக்கும் இதேதான்.

பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கும். இவர் வந்தால் அவர் வரமாட்டார். இரண்டு பேரையும் பாதிப் பாதியாகப் போட்டால் கூட்டுத்தொகை ஏறக்குறைய சரியாகிவிடும்; ஆனால் அவர்களை நேரில் போய் அழைத்தால்தான் அந்தப் பாதியும் நிற்கும். பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டு அந்த வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

சொன்னதை எண்ணாக மாற்றுவது

இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு வீட்டையும் மூன்றில் ஒன்றில் போடுங்கள். டிக்கெட் எடுத்தவர்கள், வேன் பேசியவர்கள், உள்ளூரில் இருப்பவர்கள், ஆள் எண்ணைத் தயங்காமல் சொன்னவர்கள் ‘உறுதி’. லீவு கேட்டிருக்கிறேன், வெயிட்டிங் லிஸ்ட், பார்க்கலாம் என்பவர்கள் ‘பாதி’. போனை எடுக்காதவர்கள், மூன்று கும்பிடாக வராதவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு "பாக்கணும்" என்பவர்கள் ‘சந்தேகம்’. பழைய பதிவு எதுவும் இல்லாத முதல் வருடத்துக்கு உறுதியில் 100க்கு 90, பாதியில் 50, சந்தேகத்தில் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது கைக்கணக்கு. உங்கள் சொந்தத்தின் குணம் தெரியத் தெரிய மாற்றிக்கொள்ள வேண்டியது.

மேலே சொன்ன 38 தலைக்கட்டும் 21 பெண்மக்கள் வீடும் சேர்ந்து 59 வீடு. அதில் பரீட்சை, தீட்டு எல்லாம் கழித்து நிற்பது 237 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

உறுதி: 24 வீடு, 96 பேர். 90 சதவீதம் என்றால் 86.
பாதி: 20 வீடு, 83 பேர். பாதி என்றால் 42.
சந்தேகம்: 15 வீடு, 58 பேர். 15 சதவீதம் என்றால் 9.

மொத்தம் 137. பட்டியலில் 237 பேர் இருந்தும் எதிர்பார்ப்பது 137தான். புதிதாகக் கணக்கு எடுப்பவருக்கு இதைப் பார்த்ததும் பயம் வரும், கையில் ஐம்பது கூட்டிக்கொள்ளத் தோன்றும். பொறுங்கள்.

சொந்தமில்லாத வாய்கள் இன்னும் பாக்கி. நையாண்டி மேளம் 6, பூசாரி தரப்பில் 3, வேன் ஓட்டுநர்கள் 4, சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் 9, பந்தல்காரரும் மைக்செட்காரரும் 3. ஆக 25. கிடா வெட்டினால் கோயில் இருக்கும் ஊர்க்காரர்களைச் சாப்பிடச் சொல்லாமல் இருக்க முடியாது. அதற்கு ஒரு 20. இந்த 45 பேரும் நிச்சயம் சாப்பிடுவார்கள். இதில் சதவீதம் எதுவும் போடக் கூடாது. 137உம் 45உம் சேர்ந்து மதியத்துக்கு 182 இலை.

இனி மேல் எல்லை, கீழ் எல்லை. உறுதி முழுதும் வந்து, பாதியில் முக்கால்வாசி வந்து, சந்தேகத்தில் 30 சதவீதம் வந்தால் 175, வெளியாட்களோடு 220. உறுதியில் 80 சதவீதமும் பாதியில் கால்வாசியும் வந்து, சந்தேகத்தில் ஒருவரும் வராவிட்டால் 98, வெளியாட்களோடு 143. ஆக மாஸ்டரிடம் சொல்ல வேண்டியது: "185 பேருக்கு உலை வைங்க. 220 வரைக்கும் தாங்குற மாதிரி அரிசி, பருப்பு, காய் இருப்புல இருக்கட்டும், பிரிக்க வேண்டாம்."

வேளைக்கு வேளை எண் வேறு

மதியம் 182 என்பதால் இரவுக்கும் காலைக்கும் 182 இல்லை. ‘எப்போது வந்து சேருவார்கள்’ என்ற கட்டத்தைக் கூட்டினால் இரவு ஆட்கள் தெரிந்துவிடும். அதிலும் சிவராத்திரி விரதம் இருப்பவர்கள் இட்லியைத் தொடமாட்டார்கள்; பாலும் பழமும் போதும். ஆகவே இரவு 80 பேர் கோயிலில் இருந்தாலும் 50 பேருக்கு மேல் டிபன் போகாது. ஆனால் காபி மட்டும் 80க்கு இரண்டு மடங்கு ஓடும், இரவு முழுக்க விழித்திருப்பார்கள் அல்லவா. விரதம் இருந்தவர்கள் காலையில் பசியோடு வருவார்கள். காலை டிபனில் குறைக்காதீர்கள்.

சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதால் சில வருடம் மறுநாளே அமாவாசையாக இருக்கும். கிடா வெட்டு நடந்தாலும், அன்றைக்குக் கறி தொடாதவர்கள் பந்தியில் இருப்பார்கள். அப்பா இல்லாதவர்கள், தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் முக்கியமாக. சைவ இலையைத் தனியாகக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். சைவத்துக்குச் சாம்பாரும் இரண்டு காயும் வேறு பாத்திரம், வேறு கரண்டி, முடிந்தால் முதல் பந்தி.

அரிசிக்கும் கறிக்கும் மாற்றிப் பார்ப்பது

கறிக்குழம்புச் சோறு என்றால் ஒரு கிலோ அரிசிக்கு 8 பேர். 185 பேருக்கு 23 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டலமிட்ட அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு கடைகளில் 26 கிலோ மூட்டைகள் பரவலாகிவிட்டன. அந்த ஒரு மூட்டை 208 பேரைத் தாங்கும். கூட ஒரு 5 கிலோ பை பிரிக்காமல் இருந்தால் 220ஐத் தாண்டியும் பயமில்லை. 12 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பாதிதான் சாப்பிடுவார்கள். அது உள்ளே ஒளிந்திருக்கும் காப்பு. ஆனால் அவர்களுக்கும் முழு இலையும் முழு இடமும் வேண்டும். இலையை மேல் எல்லைக்கு, அதாவது 220க்கு வாங்கி, கிழிசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். இலை மிஞ்சினால் நட்டம் சொற்பம். குறைந்தால் கோயில் காட்டுக்குள் எங்கே போய் வாங்குவது?

கறியில் கணக்கு வேறு மாதிரி. பெரியவர் ஒருவருக்கு எலும்போடு 150 கிராம் என்றால் 140 கறி இலைக்கு 21 கிலோ. உயிர் எடை 20 கிலோ உள்ள கிடாவில் ஏறக்குறைய பாதிதான் கறியாக நிற்கும். இரண்டு கிடா ஏறக்குறைய போதும். ஆனால் எத்தனை கிடா என்பதை முடிவு செய்வது உங்கள் நோட்டு இல்லை, நேர்த்திக்கடன். ஐந்து வீட்டில் நேர்ந்திருந்தால் ஐந்து கிடா விழும், 50 கிலோ கறி வந்து நிற்கும். கிடா நேர்ந்தவர் தன் மாமன் மச்சான், கூட வேலை பார்ப்பவர்கள் என்று தனியாகவும் அழைப்பார். ஆகவே முதல் சுற்றிலேயே "கிடா நேந்திருக்கீங்களா? உங்க பக்கம் தனியா எத்தன பேர் கூப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். மிஞ்சிய கறியைக் கோயில் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள கோயில்கள் உண்டு. உங்கள் கோயில் அப்படியென்றால் ஊர்க்காரர்களுக்கான 20ஐ 50 ஆக்கிக்கொள்ளுங்கள்.

காப்பு மேல் காப்பு

சாப்பாடு மலையாக மிஞ்சும் இடங்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இது. கணக்கு எடுத்த ஐந்து வகையறாப் பொறுப்பாளர்களும் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஆளுக்கு 5 கூட்டினார்கள். 137 என்பது 162 ஆனது. சாப்பாட்டுப் பொறுப்பாளர் தன் பங்குக்கு 20 கூட்டினார், 182. வெளியாட்கள் 45, 227. மாஸ்டர் தொழில் பழக்கத்தில் பத்து சதவீதம் கூட்டி உலை வைத்தார், 250. ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். 68 பேர் சோறு அண்டாவில் நிற்கிறது. பொறுப்பாளர்களிடம் சொன்ன எண்ணை அப்படியே தரச் சொல்லுங்கள். காப்பு ஒரே இடத்தில், உங்கள் கையில் மட்டும். மாஸ்டரிடம் "காப்பு சேத்துத்தான் சொல்றேன், நீங்க கூட்ட வேண்டாம்" என்று வாய்விட்டே சொல்லுங்கள்.

அன்றைக்கு

பாதி அரிசியை முதலில் வடித்துவிட்டு, மீதியை முதல் பந்தி உட்காரும்போது போடச் சொல்லுங்கள். கோயில் வாசலில் நிற்கும் வண்டிகளையும் வராத வேன்களையும் அதற்குள் எண்ணிவிடலாம். கிடா பூசை முடியும் நேரம் சாமியாடியின் கையில் இருப்பதால், பந்தி எத்தனை மணிக்கு என்று யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள். தாமதமானால் ஓட்டுநர்கள், மேளக்காரர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும்.

வந்தவர்களைத் தலை எண்ணிக் கணக்கெடுக்க முடியாது. ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். இலையை எண்ணுங்கள். காலையில் இலைக் கட்டுகளை எண்ணி எழுதி, கிழிந்ததை ஓரமாக ஒரே இடத்தில் போடச் சொல்லி, கடைசிப் பந்தி முடிந்ததும் அதையும் மிஞ்சியதையும் கழித்தால் உண்மையான எண் வந்துவிடும். பார்சல் கட்டிய இலையைத் தனியாக எழுதுங்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன், பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அத்தையையோ மதினியையோ கூட வைத்துக்கொண்டு ‘வந்தது’ கட்டத்தை நிரப்பிவிடுங்கள். மறுநாள் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அப்படியே வகையறா வாரியாகச் சொன்னதையும் வந்ததையும் வகுத்துப் பார்த்தால், மூத்தவர் வகையறா 100 சொன்னால் 95 வரும், கடைசித் தம்பி வகையறா 100 சொன்னால் 60தான் வரும் என்பது போன்ற குணம் தெரியவரும். அடுத்த கும்பிடுக்கு 90, 50, 15 என்ற கைக்கணக்கை அடித்துவிட்டு, இந்த எண்களை அதே நோட்டின் முதல் பக்கத்தில், தீட்டு விவரத்துக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.